தனிக்குரலும் பல்லியமும்

பக்கவாத்தியம் பெருகுதலாற் பாடலின் பொருள் வளம் பெறுமா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். அமெரிக்கப் பாடலாசிரியர் போல் சைமன் 1965ஆம் ஆண்டில் இலண்டனிற் பதிவுசெய்த ‘போல் சைமன் சோங் புக்’ என்னும் இசைத்தட்டு இவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றாகும். அதன்கண் அமைந்த 12 பாடல்களுக்கும் ஒரு குரலும் ஒரு கிற்றாருமே துணை. அவற்றுட் சில, ஆர்ட் கார்பங்கலுடன் மீளப் பாடப்பெற்று, 1966 சனவரியில் ‘சவுண்ட்ஸ் ஒவ் சைலன்ஸ்’ என்னும் இசைத்தட்டில் இடம்பெற்றன.

இம்மாற்றத்துக்கு வழிகோலியது ஒரு பாடலின் வெற்றியே. 1964இல் இருவரும் அடக்கமான துணையுடன் பாடிப் பதிவுசெய்த ‘த சவுண்ட் ஒவ் சைலன்ஸ்’ அன்று கவனிப்பாரற்றுப் போயிற்று. தயாரிப்பாளர் ரொம் வில்சன், பாடியோருக்கு அறிவியாமலே, 1965 யூனில் அப்பழைய பதிவின்மீது மின்கிற்றாரையும் முரசையும் சேர்த்தார். 1966 சனவரியில் அஃது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மாநகர்க் கூட்டத்தினிடையே ஒருவர் சொல் மற்றவர்க்கு எட்டாமையே அப்பாடலின் பொருள். ஆதலின் முரசொலி அக்கூட்டத்தின் இரைச்சலாய் நின்று பொருளுக்குத் துணை செய்கின்றது எனலாம்.

ஆயின், ‘ஐ ஆம் எ ரொக்’ என்னும் பாடலுக்கு இவ்விதி பொருந்துமாறில்லை. உறவனைத்தையும் வெறுத்துத் தன்னைப் பாறையென்று கூறிக்கொள்பவன் ஒருவனின் கூற்று அது. கூறுபவனின் உறுதி போலியானது; உள்ளத்துப் புண்ணை மறைக்கும் வீம்பே அது. இலண்டன் பதிவிலே தனிக்குரல் அவ்வீம்பினூடே துயரையும் புலப்படுத்துகின்றது. பிந்திய பதிவிலோ இரு குரலும் முரசும் ஓர்கனும் ஒருங்கு சேர்ந்து அவனுக்குத் துணைநிற்கின்றன. துணையே வேண்டாமென்பவனுக்கு இத்துணை பேர் துணையாயின், அவன் தனிமையை எவர் நம்புவர்? செவிக்கு இனிமை கூடிற்று. நெஞ்சைத் தொடும் ஆற்றல் குன்றிற்று.

இதனைச் சைமனும் ஓரளவு உணர்ந்திருந்தார் போலும். அதே இசைத்தட்டில் ‘கத்திஸ் சோங்’ என்பதனை அவர் முன்போலவே தனிக்குரலும் கிற்றாருமாக விட்டுவைத்தார். பிரிவாற்றாமையை மென்குரலில் உரைக்கும் அப்பாடலுக்கு வேறெதுவும் வேண்டப்படவில்லை.

எனவே, பல்லியம் தன்னளவிற் குணமுமன்று, குற்றமுமன்று. பாடலிற் பேசுபவன் யார், எவரிடையே நின்று பேசுகின்றான் என்பதை அறிந்து சேர்க்கும்போது அஃது அணியாகும்; வெற்றியொன்றையே கருதிச் சேர்க்கும்போது சுமையாகும். 2004இல் மீளவும் வெளிவந்த இலண்டன் பதிவினைப் பிந்தியதோடு ஒப்பிட்டுக் கேட்போர் இவ்வுண்மையைத் தம் செவியாலேயே தெளிவர்.