மரமுந்திரிகைப் பருவம்

பங்குனி கழிந்து சித்திரை வெயில் உறைக்கத் தொடங்கும் நாட்களில், புத்தளத்துக்கு வடக்கே வண்ணாத்திவில்லுப் பக்கம் செல்லும் பிரயாணி, மணற்பாங்கான தோட்டங்களிலே மரத்தடிச் சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, தானாக உதிரும் மரமுந்திரிகைப் பழத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களைக் காணலாம். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கீழ்த்திசைக்குக் கொணர்ந்த இம்மரம், வேறு பயிர் வாடும் வறண்ட மண்ணிலும் செழிப்பது ஆச்சரியமே. பூக்கும் காலத்தில் மழை பெய்தால் மட்டும் விளைச்சல் போயிற்று.

கொட்டையைப் பழத்தின் அடியிலே வெளியே தொங்கவிட்ட சிருஷ்டி வினோதம் ஒருபுறமிருக்க, அதன் ஓட்டுக்குள் பொதிந்திருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும் ஆதலால், உள்ளங்கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, வளைந்த பருப்பு முறியாதபடி ஓட்டைப் பிளக்கும் பெண்களின் லாகவம் என்னைப் பெரிதும் கவர்ந்தது. முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. ஆகவே அந்த விரல்களின் நிதானத்துக்கே கூலி என்று சொன்னாலும் பொருந்தும்.

பழமோ அநாதை. ஒருநாள் தாண்டினால் அழுகிவிடும். சாறு துணியில் பட்டால் கறை போகாது. நாக்கைத் துவர்ப்புப் பிடித்துக்கொள்ளும். ஆயினும் அரிந்து, புத்தளத்து உப்பையே சிறிது தூவி உண்டால் அதன் ரசம் அலாதியானது. தோட்டத்து வாசலில் பருப்பு வாங்கும் அன்பர்கள் இரண்டு பழமும் கேட்டு, அங்கேயே நின்று தின்றுவிட்டுப் போகவேண்டும்.