கரை நாய் சொல்லாத சாட்சி

சென்னையில் நாய் வளர்ப்பவர்களிடம் இப்போது பச்சைக் கறி மோகம். ஐந்தாறு வயதான லேப்ரடாரைக்கூட ஒரு நாள் பட்டினி போடுகிறார்கள். மறுநாளிலிருந்து சோறும் கிடையாது, பாக்கெட் தீனியும் கிடையாது. பச்சைக் கோழி, பச்சை மீன், ஈரல்தான். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய வழக்கம் இது. இங்கே வந்தபோது உள்ளூர்ச் சாட்சி ஒன்றும் சேர்ந்துகொண்டது: பழவேற்காட்டுக் கரை நாய். அது பச்சை மீனைத்தானே தின்கிறது, எந்த டாக்டரிடம் போகிறது என்று கேட்கிறார்கள்.

பச்சைத் தீனிக்கு நல்ல பக்கம் இல்லாமல் இல்லை. மலம் குறையும்; தட்டைக் கண்டாலே முகம் திருப்பும் நாயும் ஆவலாகத் தின்னும். பாக்கெட் தீனியும் புனிதமல்ல. 2007-இல் மெலமைன் கலந்த தீனியால் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மறுபுறம், நெதர்லாந்தில் விற்ற 35 உறைநிலைப் பச்சைத் தீனிகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 54 சதவீதத்தில் லிஸ்டீரியாக் கிருமியும் 20 சதவீதத்தில் சால்மொனெல்லாக் கிருமியும் இருந்தன. கையையும் வெட்டுப்பலகையையும் நன்றாகக் கழுவுகிறோம் என்கிறார்கள், சரி, இருக்கட்டும்.

விட முடியாதது அந்தக் கரை நாய்.

அது என்ன தின்கிறது? பழவேற்காடு ஏரியில் மடவையும் இறாலும் நண்டும் காசு. அவற்றை நாய்க்கு யாரும் வீசுவதில்லை. வலை உதறும் இடத்தில் அதற்கு விழுவது நசுங்கிய காரப்பொடி, செவுள், குடல். வயிறு நிரம்புவது வேறு இடத்தில். கரையோரக் குப்பங்களான கோட்டைக்குப்பத்திலோ ஆண்டிக்குப்பத்திலோ வாசலில் கொட்டப்படும் மீந்த சோறும் மீன் குழம்பும்தான் அதன் சாப்பாடு. (குழம்பில் கிடக்கும் வெங்காயம் நாய்க்கு ஆகாது, அது தனிக் கதை.) சோறு நாய்க்கு அந்நியமும் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள், நாய்க்கு 4 முதல் 30 வரை என்று ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். ஓநாயைக் காட்டி நாய்க்குப் பத்தியம் எழுதுபவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

இதைவிடப் பெரிய கோளாறு வேறு. கரையில் நாம் பார்ப்பது பிழைத்த நாயை மட்டும். கொல்கத்தா ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத் தெருக்களில் 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் எழுதினார்கள்: இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். பெரும்பாலான சாவுகளுக்கு மனிதர்களே காரணம், தீனி அல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நூறில் எண்பது காணாமல் போகும் கூட்டத்தில், மிஞ்சியவற்றின் மினுமினுப்பான தோல் எந்தத் தீனியின் பெருமையையும் நிறுவாது. கெளுத்தி முள் தொண்டையில் குத்தும், பேத்தையில் நஞ்சு. இரண்டையும் ஒதுக்கத் தெரியாத நாய் கரையில் நெடுநாள் இருக்காது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்காத அண்ணாநகர் நாய்க்கு, பாதி வயது கடந்தபின் அதே தட்டை வைப்பதற்கு இயற்கை என்று பெயர். டாக்டரிடம் போவதில்லை என்பது உண்மைதான். கூட்டிப்போக ஆளில்லை, அதனால் போவதில்லை. அதன் குடலில் என்ன இருக்கிறது என்று எவரும் மலத்தை எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

பார்த்தால் என்ன இருக்கக்கூடும் என்பது தெரிந்த விஷயம்தான். மடவையின் தசையில் கூடு கட்டிக் கிடக்கும் தட்டைப்புழுக்கள் உண்டு. மீனைப் பச்சையாகத் தின்னும் நாய், பூனை, மனிதர் குடலில் அவை வளரும். தியோடர் பில்ஹார்ஸ் 1851-இல் கெய்ரோவில் கண்ட ஹெட்டிரோஃபிஸ் அந்த வகை. நைல் கழிமுகத்து உப்பங்கழிகள் அதற்குப் பேர்போனவை. பழவேற்காடும் உப்பங்கழிதான்.

நெத்திலி போன்ற சில மீன்களில் வேறொரு சங்கடம், தயாமினேஸ் என்ற நொதி. வைட்டமின் பி1-ஐ, அதாவது தயாமினை, அது அழித்துவிடும். 1930-களில் அமெரிக்காவில் பச்சை மீன் கலந்த தீனி போட்ட பண்ணை நரிகள் வாதம் கண்டு செத்தன. சாஸ்டெக் வாதம் என்று அதற்குப் பெயரே வந்தது. நரி, நாய்க் குடும்பம். என்றைக்கோ ஒரு நெத்திலியை விழுங்கும் கரை நாய்க்கு, மறுவேளைச் சோறும் குழம்பும் ஈடு கட்டிவிடும். தினமும் பச்சை நெத்திலி தின்னும் வீட்டு நாய்க்கு அந்த மறுவேளை இல்லை.

இதற்கெல்லாம் ஃப்ரீசர் போதும் என்று பதில் வருகிறது. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தால் புழு சாகும், சரி. தயாமினேஸ் உறைநிலையில் அழியாது. அடுப்பில் வேகவைத்தால் இரண்டுமே போகும். குப்பத்துக் குழம்புச் சட்டி யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்யும் வேலை அது. வேகவைத்தால் தயாமினும் கொஞ்சம் குறையுமே என்று மடக்குபவர்கள், பச்சை நெத்திலி தட்டிலுள்ள மற்றத் தீனியின் தயாமினையும் சேர்த்துக் காலி செய்வதைச் சொல்வதில்லை.