யாருக்குச் சொன்ன கதை?

இரவு பதினொன்றரை தாண்டினால்தான் எங்களுக்குப் படம் பார்க்க நேரம் வருகிறது. கடைசி மேசை எழும்பி, கோப்பைகள் கழுவி அடுக்கி, நிலத்தைத் துடைத்து முடித்த பின், றெஸ்ரோறன்றின் நிலக்கீழ் அறையில் உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு நடுவே ஒரு பழைய மடிக்கணினியை வைத்துப் பார்க்கிறோம். கடைசி ரெயினுக்கு நாற்பது நிமிடம் இருக்கும். முழுநீளப் படம் எதுவும் அதற்குள் அடங்காது. துண்டு துண்டாகப் பார்க்கக்கூடிய படங்கள் இருக்கின்றன என்று நண்பர் ஒருவர் சொன்னபோது எங்களுக்கு முதலில் பிடித்துப்போனது அந்த வசதிதான். கலை பற்றிய அக்கறை பிறகு வந்தது.

ஊடாடும் விவரணப்படம் என்று இவற்றைச் சொல்கிறார்கள். பெயர் கொஞ்சம் பயமுறுத்தும், விசயம் எளிது. மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன பேச்சுக்கள், புகைப்படங்கள், குட்டி வீடியோக்கள் எல்லாம் சிறு துண்டுகளாகக் கிடக்கும். எதைத் திறப்பது, எதற்குப் பின் எதைப் பார்ப்பது, எப்போது எழும்பிப் போவது என்பதையெல்லாம் பார்ப்பவர் தன் கையால் தீர்மானிக்கிறார். பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1990களின் இறுதியிலேயே தன் ஞாபகங்களை இப்படி ஒரு சீடி-றொம்மில் பரப்பி வைத்தவர். 2010ஐ ஒட்டி இவ்வகைப் படங்கள் நிறைய வந்தன. இவற்றை மெச்சுகிறவர்கள் பலரும் பார்ப்பவருக்குக் கிடைக்கும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்களுக்கு மற்றப் பக்கத்தில் இருப்பவரைப் பற்றித்தான் கேள்வி. தன் கதையைச் சொல்லிவிட்டுப் போனவருக்கு என்ன கிடைக்கிறது?

சினிமா பற்றி எழுத எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்கலாம். இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன பல்கலைக்கழகப் படிப்பு. அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு வருடமாக வெங்காயம். ஆனால் இப்படங்களின் மூலப்பொருள் நேர்காணல். நேர்காணல் என்றால் என்னவென்று அகதிகளுக்குத் தெரியும்.

பெர்லினில் இயங்கும் ஃபுளோரியான் தால்ஹோபர் என்ற கலைஞர் 2000ஆம் ஆண்டில் இத்தகைய படங்கள் செய்வதற்கென்று ஒரு மென்பொருள் உருவாக்கினார். அதற்கு கொர்சகோவ் என்று பெயர் வைத்தார். அது ஒரு நோயின் பெயர். பெரும்பாலும் நீண்டகாலக் குடியால் வருவது. நோயாளிக்கு ஞாபகம் அறுந்துபோகும். அறுந்த இடங்களைத் தன்னை அறியாமலே கதைகளால் நிரப்புவார். இந்த மென்பொருளில் ஒரு துண்டு ஓடும்போது அதனோடு ஏதாவதொரு சொல்லால் தொடர்புள்ள வேறு துண்டுகள் பக்கத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை 'உயிர்' என்று எண்ணிக்கை கொடுக்கலாம். ஒரேயொரு உயிர் கொடுத்தால் ஒருமுறை பார்த்ததும் அது போய்விடும், எவ்வளவு தேடினாலும் திரும்ப வராது. இதை அறிந்த இரவு நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

ஞாபகம் உண்மையில் இப்படித்தான் வருகிறது. வெங்காயம் கருகும் மணத்தில் சித்தப்பா வீட்டு முற்றம் வரும். முற்றத்திலிருந்து சைக்கிள் வரும். சைக்கிளிலிருந்து அதைப் பறித்துக்கொண்ட காவலரண் வரும். திகதி ஒழுங்கில் எதுவும் வராது. ஆனால் எங்கள் முதலாவது நேர்காணலில் திகதி ஒழுங்கைத்தான் கேட்டார்கள். அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணல் அது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், நடுவில் தட்டச்சுச் சத்தம். எழுதிக் கொடுத்ததில் மாசி என்றிருக்கிறது, இப்போது பங்குனி என்கிறீர்கள், ஏன்? காவலரணில் எத்தனை பேர் நின்றார்கள்? முதலில் நான்கு என்றீர்களே? பிறகு வந்த நிராகரிப்புக் கடிதத்தில் காட்டப்பட்ட காரணங்களில் ஒன்று, சம்பவங்களின் ஒழுங்கில் முரண்பாடு.

அறுந்தும் குழம்பியும் வந்த அதே பேச்சை கொர்சகோவில் போட்டிருந்தால் புதிய வடிவம் என்று விழாக்களில் காட்டியிருப்பார்கள். ஒரே குலைவு ஓரிடத்தில் பொய்யாகவும் இன்னோரிடத்தில் கலையாகவும் இருக்கிறது. இதில் தால்ஹோபரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மனித ஞாபகத்துக்கு நெருக்கமான ஒரு கருவியை அவர் செய்தார். ஆனாலும் ஒரு துண்டுக்கு எத்தனை உயிர் என்று முடிவு செய்கிறவர் படம் செய்பவர்தான், சொன்னவர் அல்ல.

கனடாவின் தேசியத் திரைப்படச் சபை 2011இல் வெளியிட்ட 'வெல்கம் ரு பைன் பொயின்ற்' எங்களை அதிகம் அலைக்கழித்த படம். மைக்கல் சைமன்ஸ், போல் ஷூபிரிஜ் என்ற இருவர் செய்தது. பைன் பொயின்ற் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் கிரேட் ஸ்லேவ் ஏரிக்குத் தெற்கே இருந்த ஊர். ஈயமும் துத்தநாகமும் தோண்டிய சுரங்கத்துக்காக 1960களில் எழுப்பப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் சுரங்கத்தை மூடினார்கள். சுரங்கம் இல்லையென்றால் ஊரும் தேவையில்லை. வீடுகளைப் பெயர்த்து விற்றார்கள், மிச்சத்தை இடித்தார்கள். இன்று அங்கே தெருக்களின் தடம் மட்டும்தான். சைமன்ஸ் சிறுவனாக ஒருமுறை ஐஸ் ஹொக்கி விளையாட அங்கே போனவர். வளர்ந்தபின் அந்த ஊரைத் தேடுகிறார், ஊர் இல்லை. ஆனால் ஊரவர் ஒருவர் படங்களையும் பெயர்களையும் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு பழைய ஊரவர்களிடம் போய்ப் பேசிப் படத்தைச் செய்கிறார்கள்.

ஒரு புகைப்பட அல்பத்தைப் பக்கம் பக்கமாகத் தட்டுவது போல இதைப் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடப் படங்கள், கலியாண வீடுகள், எண்பதுகளின் தலைமயிர், அசையும் வீடியோத் துண்டுகள், அடியில் இசை. ஊர் இல்லாமல் போனதால் ஊர் மாறவேயில்லை என்பது படத்தின் அடிநாதம். திரும்பிப்போய் ஏமாற அங்கே ஒன்றும் இல்லை. எல்லோரும் அதே வயதில், அதே வெளிச்சத்தில் நிற்கிறார்கள்.

எங்களில் ஒருவன் இதைப் பார்த்து அழுதான். அவனுடைய ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அவன் அழுததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அடுத்தநாள் அவனே சொன்னான்: "மச்சான், அவங்களுக்குச் சுரங்கத்தை மூடினவங்கள். எங்களுக்கு அப்பிடியே?" இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு உருகுவது சுலபம். இழப்பு எல்லாம் ஒரு சாயலில் இருக்கும். காரணங்கள் அப்படி இருப்பதில்லை. எங்கள் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களில் இருப்பதும் பைன் பொயின்ற் போன்ற ஊர்தான். அங்கே சாதி இல்லை, சண்டை இல்லை, கிணற்றில் எல்லோரும் அள்ளினார்கள் என்பது போல ஒரு ஊர். (வாழ்த்துச் செய்திகள் மட்டும் பதினாறு பக்கம்.) அந்த மலர்களை விட இப்படம் நேர்மையானது, ஞாபகம் ஏமாற்றும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பயந்த முரட்டுப் பையனை, நோயால் உடல் கட்டுப்பட்ட மனிதனாக இப்போது நாங்கள் சந்திக்கும் இடம் படத்தின் உச்சம் என்று சொல்வோம்.

குறை என்னவென்றால், எழுத்தில் எங்களோடு தொடர்ந்து பேசுகிறவர்கள் படம் செய்தவர்கள். ஊரவர்களின் குரல் இடையிடையே வந்து போகிறது. ஒருமுறை வந்து போன விருந்தாளி ஊரைப் பற்றிச் சிந்திக்கிறார், ஊரவர் அதற்குச் சாட்சி சொல்கிறார். நாங்கள் அடுத்த பக்கத்தைத் தட்டுகிறோம். எங்கள் கைக்கு இருக்கும் வேலை அவ்வளவுதான்.

அதே சபைக்காக கத்தரினா சிசெக் 2010இல் செய்த 'அவுட் மை விண்டோ'வில் கை இன்னும் கூட வேலை செய்யும். 13 நகரங்களின் மாடிக்குடியிருப்புகள், 49 கதைகள். ஒரு அறைக்குள் நின்று சுற்றிவரத் திரும்பிப் பார்க்கலாம், ஒரு பொருளைத் தொட்டால் அந்த வீட்டுக்காரர் பேசுவார். ரொறன்ரோ மாடியில் ஒரு திபெத்திய இசைக்காரர் இருக்கிறார்; அவருக்காகவே பார்க்கலாம். ஆனால் நாங்கள் பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் சாப்பாட்டு மேசையைச் சமையலறைக் கதவு இடுக்கால் பார்த்தவர்கள். பிறர் வீட்டுக்குள் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்ப்பது எங்களுக்கு ஒருவிதமான கூச்சத்தைத் தந்தது. எட்டாவது வீட்டோடு நிறுத்திவிட்டோம். அவருக்கு நாங்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இந்தக் கூச்சம் இல்லாமல் பார்த்தது, சரியாகச் சொன்னால் கேட்டது, ஒன்றே ஒன்று. 2015இல் வெளியான 'கிப்பு' திட்டம். மரியா கோர்ட், ரோஸ்மேரி லேர்னர் ஆகியோர் இயக்கியது. பெரு நாட்டில் 1990களின் பிற்பகுதியில், அல்பேர்ட்டோ ஃபுஜிமோரியின் ஆட்சியில், குடும்பக்கட்டுப்பாடு என்ற பெயரில் 270,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் 20,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதில் பல ஆயிரம் பேருக்குச் சம்மதம் கேட்கப்படவில்லை, அல்லது மிரட்டியும் ஏமாற்றியும் பெறப்பட்டது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மலைக் கிராமத்து ஏழைப் பெண்கள். பலருடைய மொழி கெச்சுவா. கொம்பியூட்டர் இல்லை, இணையம் இல்லை. ஆனால் ரெலிபோன் இருந்தது.

ஆகவே படம் செய்தவர்கள் ஒரு இலவசத் தொலைபேசி இணைப்பை ஏற்படுத்தினார்கள். பெண்கள் தங்கள் இடத்திலிருந்து அழைத்துத் தங்கள் மொழியில் பேசிப் பதிந்தார்கள். அதே இணைப்பில் மற்றப் பெண்கள் சொன்னதையும் கேட்டார்கள். வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கு இணையத்தில் அவை வண்ண நூல்களில் விழுந்த முடிச்சுகளாகத் தெரிந்தன. கிப்பு என்பது இன்கா மக்கள் கணக்கும் செய்தியும் பதிந்து வைத்த முடிச்சுக் கயிறு. ஒரு முடிச்சைத் தொட்டால் ஒரு குரல். கேட்டவர் தானும் ஒரு மறுமொழியைப் பேசிப் பதியலாம். அது மொழிபெயர்க்கப்பட்டு, அந்தத் தொலைபேசி இணைப்புக்கே திரும்பிப் போகும். மலையில் இருக்கும் பெண் அழைத்தால் அதைக் கேட்கலாம்.

ஊடாட்டம் என்ற சொல்லுக்கு நாங்கள் கண்ட படங்களில் இங்கேதான் பொருள் இருந்தது. மற்றவற்றில் பார்ப்பவர் கொம்பியூட்டரோடு ஊடாடுகிறார். இதில் மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் ஏதோ போய் வருகிறது.

ரெலிபோன் எங்களுக்கு அறிமுகமான சாதனம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வந்த புதிதில் காட் வாங்கி, இலக்கங்களைச் சுரண்டி, வீட்டுக்கு எடுத்த அழைப்புகளில் நாங்கள் சொன்ன பொய்கள் எத்தனை! சாப்பிட்டேன், குளிர் பெரிதாக இல்லை, வேலை லேசு. முகம் தெரியாததால் பொய் சொல்ல முடிந்தது. அந்தப் பெண்களுக்கோ முகம் தெரியாததால் உண்மை சொல்ல முடிந்திருக்கிறது. கமெரா முன்னால் இருத்தி வைத்தால் அழும்வரை காத்திருப்பார்கள். அழுதால் கிட்டக் கொண்டுபோவார்கள். இங்கே அப்படிக் கிட்டப்போக ஒன்றும் இல்லை. மூச்சும், பின்னால் ஒரு நாயின் சத்தமும், சொல்லுக்கு முன்னான இடைவெளியும்தான்.

எங்கள் றெஸ்ரோறன்றுக்கு விடியற்காலையில் துப்புரவு வேலைக்கு வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். வன்னியிலிருந்து 2009க்குப் பிறகு வந்தவர். புகலிடத்தில் வயதானவர்களின் ஞாபகங்களைப் பதிந்து இப்படி ஏதாவது செய்யலாமா என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் கதைத்தபோது முதலில் அவரைத்தான் கேட்டோம். மறுத்துவிட்டார். "தம்பியவை, ஒருக்கா அந்தக் கந்தோரில ஐஞ்சு மணித்தியாலம் சொன்னனான். நம்பேல்லை எண்டு கடிதம் வந்தது. இனி உங்கட பெட்டிக்கையும் சொல்லோணுமே?"

ஒருநாள் வேலை தொடங்கமுதல் அவருக்குக் கிப்புவில் ஒரு கெச்சுவாப் பெண்ணின் குரலைப் போட்டுக் காட்டினோம். மொழி விளங்காது. முழுவதையும் கேட்டார். "உவ அழேல்லை. கோவத்தில கதைக்கிறா" என்றார். பிறகு கேட்டார்: "ஆரும் மறுமொழி சொன்னவையே?" சொல்லலாம், அவருடைய மொழியிலேயே போகும் என்றோம். "என்ன சொல்லுவினம்?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. நாங்களே சில தடவை கேட்டுவிட்டு, மறுமொழி பதியும் இடத்தில் வாய் திறக்காமல் மூடியிருக்கிறோம். கவலைப்படுகிறோம் என்பதா? உங்களோடு நிற்கிறோம் என்பதா? நிற்பவர் எங்கே நிற்கிறார்? படத்தின் பலவீனம் என்று இதைச் சொல்லலாம். குரலைக் கேட்டவர் இரங்கலாம், நீதிமன்றம் இரங்கவில்லை. வேறு படுகொலைகளுக்காக 2009இல் 25 வருடத் தண்டனை பெற்ற ஃபுஜிமோரி, 2023 மார்கழியில் விடுதலையாகி 2024 புரட்டாதியில் இறந்தார். கருத்தடைகளுக்காக ஒருநாள்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். தனக்கு மட்டும் நடந்தது என்று ஒரு மலையில் நினைத்திருந்தவர், இன்னொரு மலையிலிருந்து அதே கதையைக் கேட்டார். எங்கள் மறுமொழியை விட அவர்களுக்கு அது கூட உதவியிருக்கும் என்று நினைக்கிறோம். படத்தைப் புகழ்கிறவர்கள் வெளிநாட்டில் கேட்டவர்களைப் பற்றியே கூடப் பேசுவது எங்களுக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. 2010ஐ ஒட்டிய இப்படங்களில் பல ஃபிளாஷ் என்ற மென்பொருளை நம்பிச் செய்யப்பட்டவை. 2020 முடிவோடு அதை நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ பேருடைய வாக்குமூலங்கள் திறக்காத பெட்டிகளாகிவிட்டன. ஒலிநாடாவில் பதிந்து அலுமாரியில் வைத்திருந்தால் இன்றைக்கும் ஓடியிருக்கும்.

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு பழைய கைத்தொலைபேசியை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். படம் ஒன்றும் இல்லை, கமெரா இல்லை. அழைத்துப் பேசி வைக்கலாம். சம்மதித்தால் மற்றவர் பேசியதைக் கேட்கலாம். ஆறு கிழமையில் நான்கு பேர் பேசினார்கள். ஒருவர் கூழ் காய்ச்சும் முறையை மட்டும் சொன்னார். அக்கா பேசவில்லை. மற்ற நால்வரும் பேசியதைக் கேட்கலாமா என்று போன வியாழக்கிழமை கேட்டார். நால்வரிடமும் சம்மதம் கேட்டிருக்கிறோம். மூவர் ஓம் என்றிருக்கிறார்கள்.