அமெரிக்க விடுதலைப் போர்: பட்டியலில் விடுபட்ட தோல்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அக்கா மகளுக்கு உதவப் போய், ஒரு வழிகாட்டிப் புத்தகத்தின் 'அமெரிக்க விடுதலைப் போர் - முக்கியப் போர்கள்' பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். லெக்சிங்டன் (1775), பங்கர் ஹில் (1775), சரடோகா (1777), யார்க்டவுன் (1781). ஒவ்வொன்றுக்கும் எதிரே வென்றவர் யார் என்று ஒரு கட்டம். ஆண்டுகளில் தப்பு இல்லை. எனக்கு உறுத்தியது அந்த 'வென்றவர்' கட்டம்தான்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. எட்டு வருட யுத்தத்துக்கும் போர், ஒரு மதியம் நடந்த மோதலுக்கும் போர். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்துக்கொண்டு படித்தால், சண்டைகளைக் கூட்டினால் யுத்தம் வந்துவிடும் என்றுதான் தோன்றும். அதனால் ஒருநாள் மோதலை இங்கே சண்டை என்றே எழுதுகிறேன்.

பங்கர் ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வென்றவர்: பிரிட்டன். சரிதான், குன்றைப் பிடித்தார்கள். (சண்டை பெரும்பாலும் நடந்தது பக்கத்தில் இருந்த பிரீட்ஸ் ஹில்லில். பெயர் மட்டும் மாறி ஒட்டிக்கொண்டது.) ஆனால் அந்த ஒரு மதியத்தில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரத்துக்கு மேல், எதிர்த்தரப்பில் சுமார் 450. கடல் தாண்டி ஆள் கொண்டுவர வேண்டிய ராணுவத்துக்கு இது எப்படி வெற்றி?

இதைவிடப் பெரிய ஓட்டை தெற்கில். நத்தேனியல் கிரீன் என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. காரணம் எளிது: கட்டத்தில் எழுத அவரிடம் வெற்றி கிடையாது. 1780 டிசம்பரில் தெற்குப் படைக்குத் தலைமை ஏற்கிறார். சோறு இல்லாத, உடுப்புக் கிழிந்த, ஏற்கெனவே கேம்டனில் நொறுங்கிய படை. அவர் செய்தது என்ன? பின்வாங்கினார். கார்ன்வாலிஸ் துரத்தினார். வேகம் போதவில்லை என்று 1781 ஜனவரியில் தன் வண்டிகளையும் கூடாரங்களையும் ரம் பீப்பாய்களையும் தானே அழித்துவிட்டுத் துரத்தினார். கிரீன் முன்கூட்டியே படகு சேர்த்துவைத்து, பிப்ரவரி நடுவில் டான் ஆற்றைக் கடந்துவிட்டார். கார்ன்வாலிஸுக்குப் படகு இல்லை. நடுக்குளிரில், சாமான் இல்லாமல், தன் கிடங்குகளிலிருந்து வெகுதூரத்தில் நின்றார்.

பிறகு மார்ச் 15, கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸ். களத்தைவிட்டு விலகியது கிரீன், ஆகவே வென்றது கார்ன்வாலிஸ். ஆனால் சுமார் 1,900 பேரில் 500க்கு மேல் இழந்திருந்தார், அதாவது நாலில் ஒரு பங்கு. இன்னொரு முறை இப்படி ஜெயித்தால் நம் படையே மிஞ்சாது என்ற பொருளில் லண்டன் நாடாளுமன்றத்திலேயே பேசினார்கள். கார்ன்வாலிஸ் முதலில் கடற்கரைக்கு நகர்ந்து, பிறகு வடக்கே வர்ஜீனியாவுக்குப் போனார். கிரீன் அவர் பின்னால் போகவில்லை. தெற்கே திரும்பினார். ஹாப்கர்க்ஸ் ஹில்லில் தோல்வி, நைன்டி சிக்ஸ் கோட்டை முற்றுகையும் தோல்வி, யூட்டா ஸ்பிரிங்ஸிலும் களம் எதிரி கையில். ஆனாலும் அந்த வருடம் முடியும்போது பிரிட்டிஷார் கையில் தெற்கில் மிஞ்சியது சார்லஸ்டனும் சவானாவும் அவற்றைச் சுற்றிய கொஞ்சம் நிலமும்தான்.

இந்த மனிதரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கில்ஃபோர்டு பக்கத்தில் உள்ள கிரீன்ஸ்பரோ நகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நம் தேர்வு நூல்களில் அதுவும் இல்லை.

யார்க்டவுன் இப்படித்தான் வருகிறது. வாஷிங்டன் எங்கிருந்தோ வந்து கார்ன்வாலிஸைப் பிடித்ததாகப் பட்டியலில் தெரியும். கார்ன்வாலிஸ் ஏன் அந்தக் கரையில் இருந்தார் என்பதற்குப் பாதி விடை கிரீன். ஏன் தப்ப முடியவில்லை என்பதற்கு விடை கடலில். 1781 செப்டம்பர் 5, செசாபீக் வளைகுடா வாய். தெ கிராஸின் 24 பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள், கிரேவ்ஸின் 19 பிரிட்டிஷ் கப்பல்கள். ஒரு கப்பலையும் யாரும் கைப்பற்றவில்லை. பார்வைக்குச் சப்பென்று முடிந்த சண்டை. ஆனால் கிரேவ்ஸ் நியூயார்க்குக்குத் திரும்பினார், வாசல் அடைபட்டது, அக்டோபர் 19 அன்று சரண். அமெரிக்காவின் தலையெழுத்தை மாற்றிய அந்தச் சண்டையில் ஓர் அமெரிக்கக் கப்பல்கூட இல்லை.

முற்றுகைக்குள் இன்னொரு கதையும் உண்டு. பிரிட்டிஷ் பக்கம் போனால் விடுதலை என்று நம்பித் தப்பி வந்த கறுப்பின அடிமைகளை, உணவு தீர்ந்தபோது, பெரியம்மை பிடித்த நிலையில் கார்ன்வாலிஸின் படை வெளியே துரத்தியது. 'விடுதலைப் போர்' என்று எழுதுகிற கை இங்கே ஒருமுறையாவது நிற்க வேண்டாமா?

யார்க்டவுனோடு யுத்தம் முடிந்தது என்பதும் பட்டியல் கொடுக்கும் பிரமை. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பூர்வாங்க உடன்பாடு 1783 ஜனவரி 20ல்தான் கையெழுத்தானது. அந்தச் செய்தி இங்கே வந்து சேரவில்லை. ஜூன் 13 அன்று கடலூரில் பூஸியின் பிரெஞ்சுப் படையையும் அதனுடன் இருந்த மைசூர் வீரர்களையும் ஸ்டூவர்ட்டின் கம்பெனிப் படை தாக்கியது. ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரேனின் 15 கப்பல்களும் ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. செய்தி வந்தது மாதக் கடைசியில்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் 'அமெரிக்க விடுதலைப் போர் நம்ம கடலூர்லதான் முடிஞ்சது' என்று பெருமையடிப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலூரில் செத்த சிப்பாய் அமெரிக்காவுக்காகச் சாகவில்லை. அவன் இருந்தது கம்பெனிக்கும் மைசூருக்கும் இடையிலான யுத்தத்தில். கடலூரால் விளங்குவது வேறு: பிரிட்டனின் கப்பல்கள் ஒரே நேரத்தில் ஜிப்ரால்டரிலும் கரீபியக் கடலிலும் வங்கக் கடலிலும் தேவைப்பட்டன. செசாபீக்கில் கிரேவ்ஸிடம் 19 கப்பல்தான் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"இதெல்லாம் சரி மாமா, பரீட்சையில கேட்டா?" என்றாள். யார்க்டவுன்னே எழுதும்மா என்றேன்.