வேட்டியும் வெளிநாட்டு அழைப்பிதழும்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து பிள்ளையின் பட்டமளிப்புக்கோ, சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கோ வெளிநாடு போகிறவர்களுக்கு விசா கிடைத்ததும் வருகிற அடுத்த கவலை, என்ன உடுத்துவது என்பது. அழைப்பிதழின் அடியில் 'பிளாக் டை' என்று இருக்கும். கறுப்பு டை ஒன்று வாங்கினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் எதிர்பார்ப்பதோ பட்டு மடிப்பு வைத்த கறுப்புக் கோட்டும் வில் டையும். இந்தக் குறிப்பு பழகிய வீட்டில் பிறந்தவனுக்கு உதவி, மற்றவனுக்குப் பரீட்சை. உடைவிதியின் முதல் குறை இதுதான்.

அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எழுதி வைத்த விதி ஆள் பார்ப்பதில்லை. 2015 விம்பிள்டன் இறுதிப் போட்டியன்று கோட்டும் டையும் இல்லாமல் வந்த கார்ப்பந்தய உலகச் சாம்பியன் லூயிஸ் ஹாமில்டனுக்கே அரச மாடத்தில் இடம் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்து நல்ல விதி நோபல் விழாவினுடையது. ஆண்கள் வால்கோட்டும் வெள்ளை வில் டையும் அணியலாம், அல்லது தங்கள் தேசிய உடையில் வரலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் வால்கோட்டில் பரிசு வாங்கினார். 2019இல் அபிஜித் பானர்ஜி கரைவேட்டி கட்டி, மேலே கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். எஸ்தர் டஃப்லோ சேலையில் வந்தார். டிசம்பர் மாத ஸ்டாக்ஹோமில் வேட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை.

குறை வந்தது சேப்பாக்கத்தில். 2014 ஜூலையில் அங்குள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டம் வந்தது: வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். வரவேற்கத்தக்க சட்டம்தான், ஆனால் பாதிக் கிணறு. அது காப்பது மரபு உடையை மட்டுமே. கசங்கிய சட்டை பேண்ட்டில் வந்தவனை அதே வாசலில் நிறுத்தினால் அந்தச் சட்டம் வாய் திறக்காது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன வியாதி என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. கீழத்தஞ்சையில் பண்ணையாள் தோளில் துண்டு போடக் கூடாது, ஆண்டை தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது. எங்கும் எழுதாத அந்த விதியை மீறியவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் காத்திருந்தன. 1940களில் அதை எதிர்த்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய பி. சீனிவாசராவின் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறது. தோளில் துண்டு போடும் உரிமைக்கே அடிபட்ட மண் இது. ஆகவே எந்த உடைவிதியையும் நான் பார்ப்பது ஒரே கண்ணால்தான்: வருகிறவனுக்கு முன்கூட்டியே வழி சொல்கிறதா, வாசலில் வைத்து அவமானப்படுத்துகிறதா?

வெளிநாட்டு விழாவுக்குப் போகிறவர்கள், தேசிய உடையில் வரலாமா என்று முன்னதாகவே ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். சம்மதித்தால், நல்ல வேட்டியும் கழுத்து மூடிய கோட்டும் போதும். மறுத்தால் கோட்டு சூட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. விழா நடத்துகிற நம்மவர்களும் அழைப்பிதழில் இரண்டு சொல் குறிப்போடு நிறுத்தாமல், என்ன உடுத்தி வரலாம் என்பதைத் தமிழில் விளக்கமாக அச்சிட வேண்டும்.