அந்த ஒரு மணி நேரத்தை யார் தருவார்?

செவிலியரின் மனநலத்துக்கென்று மருத்துவமனைகள் செய்யும் ஏற்பாடுகளில் பலவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. செவிலியர் தினமான மே 12 அன்று கேக் வெட்டுகிறார்கள், ஒரு நாள் யோகா வகுப்பு வைக்கிறார்கள், மன அழுத்தம் பற்றி யாரையாவது அழைத்துப் பேச வைக்கிறார்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்கப் போக வேண்டியவர் அங்கே வந்து உட்கார வேண்டியிருக்கிறது. இவற்றோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாத முறை ஒன்று உண்டு. ஷ்வார்ட்ஸ் சுற்று என்பது அதன் பெயர்.

கெனத் ஷ்வார்ட்ஸ் பாஸ்டன் நகரின் வழக்கறிஞர். நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தார். நோயின் கடுமையைத் தாங்க உதவியது தன்னைக் கவனித்துக்கொண்டவர்கள் காட்டிய சிறுசிறு பரிவுதான் என்று இறப்பதற்கு முன் எழுதினார். அந்தப் பரிவு வற்றாமல் இருக்க, அதைக் காட்டுகிறவர்களுக்கும் ஆதரவு வேண்டும் என்பதே அவர் பெயரால் அமைந்த மையத்தின் அடிப்படை எண்ணம். 1997இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஷ்வார்ட்ஸ் சுற்று என்ற பெயரில் தொடங்கிய கூட்டங்கள் 2009இல் பிரிட்டனுக்குச் சென்று அங்கே வேரூன்றின.

பெரும்பாலும் மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம் கூடுகிறார்கள். மூன்று நான்கு ஊழியர்கள் தம் மனத்தைப் பாதித்த ஒரு நிகழ்வைச் சொல்கிறார்கள். மருத்துவர், செவிலியர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், அலுவலக எழுத்தர் எல்லோரும் ஒரே அறையில் இருந்து கேட்கிறார்கள். அறிவுரையும் விசாரணையும் கிடையாது. இளம் நோயாளி ஒருவர் இறந்த சில நிமிடங்களில் அடுத்த படுக்கைக்குப் போய் ட்ரிப்ஸ் மாற்றிய செவிலியர், அன்று அழ முடியாமல் போனதை இங்கே சொல்லலாம். மூத்த மருத்துவரும் அப்படித் தவித்திருக்கிறார் என்று அதே அறையில் கேட்கும்போது, தான் மட்டுமே பலவீனமானவள் என்ற எண்ணம் உடைகிறது. இந்த முறையின் பெரிய பலம் இதுதான்.

இச்சுற்றுகள் பற்றி ஆய்வாளர் ஜில் மேபன் தலைமையில் இங்கிலாந்தில் நடந்த மதிப்பீடு 2018இல் வெளிவந்தது. தொடர்ந்து கலந்துகொண்டவர்களில் மனநலம் குன்றியவர்களின் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 12ஆகக் குறைந்திருந்தது. கலந்துகொள்ளாதவர்களிடம் அது 37இலிருந்து 34ஆக மட்டுமே இறங்கியது. மகிழ்ச்சியான முடிவுதான். ஆனால் தொடக்கத்தில் இருந்த எண்களைப் பாருங்கள். கூட்டத்துக்கு வராதவர்களே முதலிலிருந்து அதிகம் துன்பத்தில் இருந்தார்கள். மருந்து யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் அது எட்டவில்லை. வார்டில் படுக்கையருகே நிற்கும் செவிலியரால் நினைத்த நேரத்தில் எழுந்து வர முடியாது.

அறிவுரை கூடாது, தீர்வு தேடக் கூடாது என்ற விதியும் இருபக்கமும் வெட்டுகிறது. அந்த விதி இருப்பதால்தான் மனம் திறந்து பேச முடிகிறது. ஆனால் "அன்றிரவு வார்டில் ஆள் பற்றவில்லை" என்று ஒருவர் சொன்னால், எல்லோரும் வருந்துவார்கள். அடுத்த வாரமும் ஆள் பற்றாது. நிர்வாகத்தின் குறை ஒன்று தனி மனிதரின் துயரமாக மட்டும் கேட்கப்பட்டு அங்கேயே முடிந்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

ஆள் பற்றாமைக்கும் மனச் சோர்வுக்கும் உள்ள உறவை அமெரிக்க ஆய்வாளர் லிண்டா எய்க்கனின் ஆய்வு 2002இலேயே காட்டிவிட்டது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை அவர் குழு ஆராய்ந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அவர் பணிச் சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடியிருந்தது. அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடியிருந்தது. கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி, ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற வரம்பை 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. செவிலியர் சாப்பிடப் போகும்போதும் அந்த வரம்பு மீறப்படக் கூடாது. ஆகவே மாற்று ஆள் வந்தே தீர வேண்டும். செவிலியர் ஒரு மணி நேரம் எழுந்து போக வழிசெய்வது இத்தகைய சட்டம்தான்.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஆட்கள் நிறைந்த வார்டிலும் குழந்தைகள் இறக்கிறார்கள், அந்தத் துக்கத்தைக் கேட்க ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் தொகுப்பூதியச் செவிலியர்கள் திரண்டு போராடினார்கள். வேலையே உறுதியில்லாத ஒருவர், கண்காணிப்பாளர் எதிரில் அமர்ந்திருக்க, தன் பயத்தைச் சொல்வாரா? பேசினால் ஆபத்தில்லை என்ற உறுதியை நல்ல ஒருங்கிணைப்பாளரால் மட்டும் தந்துவிட முடியாது. பணி ஆணையும் அதைத் தர வேண்டும்.

ஷ்வார்ட்ஸ் சுற்றை இங்கே தொடங்க நினைக்கும் நிர்வாகங்கள் தாராளமாகத் தொடங்கட்டும். கூட்டத்தின் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது, அந்த ஒரு மணி நேரம் எந்த வார்டை யார் பார்த்துக்கொள்வார் என்ற டியூட்டிப் பட்டியலையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.