எட்ட நின்ற கேமரா, கிட்ட வந்த கேமரா

'காட் ஆஃப் வார்' கேம் வரிசையின் ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2005 முதல் 2013 வரை வந்த கிரேக்கக் கதைகள்தான் அசல் என்பது ஒரு கட்சி. 2018-இல் தொடங்கிய நார்ஸ் கதைகள்தான் இந்த வரிசைக்கே மரியாதை தேடித்தந்தன என்பது மற்றது. பழைய கட்சிக்காரர்களைக் கேட்டால், இப்போது நாயகன் க்ரேடோஸ் அடிப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம் என்பார்கள். புதிய கட்சியோ, பழைய க்ரேடோஸுக்குக் கத்துவதைத் தவிர என்ன தெரியும் என்று கேட்கும். கதையில் ஆழமா, சண்டையில் ஆழமா என்று வாதம் இப்படியே நீள்கிறது.

என் கணிப்பு வேறு. இரண்டு கட்சிகளும் தங்களை அறியாமல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் சண்டை போடுகின்றன: கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி. பழைய கேம்களில் அது எட்ட நின்றது, புதியவற்றில் கிட்ட வந்துவிட்டது. கதையிலும் சண்டையிலும் நேர்ந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு நகர்வைத் தொடர்ந்து வந்தவை.

முதல் கேம் 2005 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. கலிஃபோர்னியாவில் இருக்கும் சோனியின் சாண்டா மோனிகா ஸ்டுடியோ தயாரிப்பு. இயக்கியவர் டேவிட் ஜாஃபி. ரே ஹாரிஹவுசன் பொம்மைகளை அசைத்து அசைத்துப் படம்பிடித்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' (1981) போன்ற புராணப் படங்களின் பிரமாண்டம் அவர் மனதில் இருந்தது. அந்தப் பிரமாண்டத்தைக் காட்டக் கேமராவை ஆட்டக்காரர் கையில் கொடுக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் கோணத்தை வடிவமைப்பாளர்களே முடிவுசெய்தார்கள். மற்ற கேம்களில் கேமராவைத் திருப்பப் பயன்படும் வலது குச்சி, இங்கே உருண்டு தப்பிக்கும் பொத்தானாக ஆனது.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. கடலிலிருந்து எழும் ஹைட்ராவின் முன் க்ரேடோஸ் ஓர் எறும்பு. இரண்டாம் கேமின் (2007) தொடக்கத்தில் ரோட்ஸ் தீவின் பெருஞ்சிலை உயிர்பெற்று வருகிறது. மூன்றாம் கேமின் (2010) தொடக்கத்தில் கேயா என்ற டைட்டனின் உடம்பே சண்டைக்களம். அவள் ஒலிம்பஸ் மலையில் ஏற ஏற, அவள் மேல் நின்றுகொண்டு கடல்தேவன் பொசைடனோடு மோத வேண்டும். இவற்றைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பாதிகூடத் தெரியாது.

சண்டையும் அந்தத் தொலைவுக்கு ஏற்ப அமைந்தது. சங்கிலியில் கட்டிய இரட்டை வாள்கள், 'பிளேட்ஸ் ஆஃப் கேயாஸ்', ஒரு சுழற்றலில் பத்துப் பேரை வாரும். பின்னால் வருபவனும் திரையில் தெரிவான். எதிரியை மேலே தூக்கி, கூடவே தாவி, அந்தரத்திலேயே அடித்து முடிக்கலாம். இன்று பழைய ரசிகர்கள் ஏங்குவது இந்தத் தாவலுக்கும் இந்த அகலத்துக்கும்தான். ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்தில் 'டெவில் மே க்ரை', 'நிஞ்ஜா கெய்டன்' ஆகியவற்றில் ஊறியவர்கள் 'காட் ஆஃப் வார்' சண்டையை மேலோட்டமானது என்று ஒதுக்கினார்கள். ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும், மிச்சத்தைத் திரையில் வரும் பொத்தான் குறி பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களின் ஏளனம். அன்று ஆழமில்லை என்று தள்ளப்பட்ட சண்டைதான் இன்று ஆழத்துக்கு அளவுகோலாகியிருக்கிறது.

பழைய கேம்களில் கதை இல்லை என்ற புகாரை நான் ஏற்கவில்லை. மரியான் க்ராஃசிக் உள்ளிட்டோர் எழுதிய முதல் கதை, கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் அச்சில் வார்த்தது. போர்க்கடவுள் ஏரிஸுக்கு அடிமையான ஸ்பார்ட்டா தளபதி, அவனுடைய சூழ்ச்சியால் சொந்த மனைவியையும் மகளையும் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான். அவர்கள் எரிந்த சாம்பல் அவன் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பு முழுக்க வெளுத்துப்போன அந்த நிறம் அலங்காரம் இல்லை, தண்டனை. ஓர் உருவத்தைப் பார்த்ததுமே அவன் செய்த பாவம் தெரிய வேண்டும் என்பதைவிடச் சிக்கனமான கதை உத்தி அந்த ஆண்டில் வேறு எந்த ஆக்‌ஷன் கேமில் இருந்தது?

முதல் கேமின் இறுதிச் சண்டையின் நடுப்பகுதியைப் பாருங்கள். ஏரிஸ் க்ரேடோஸை அவன் நினைவுக்குள்ளேயே தள்ளுகிறான். அங்கே மனைவியும் மகளும் உயிரோடு நிற்கிறார்கள். அவர்களைக் கொல்லக் கூட்டம் கூட்டமாக வருபவர்கள் யார்? க்ரேடோஸ்கள். நம் நாயகனின் நகல்களை நாமே வெட்டி வீழ்த்த வேண்டும். குடும்பத்தின் உயிர் குறையும்போது ஒரு பொத்தானை அழுத்தி அவர்களை அணைத்துக்கொண்டால், நம் உயிரிலிருந்து கொஞ்சம் அவர்களுக்குப் போகும். பத்து மணி நேரமாகக் கொல்வதற்கு மட்டுமே பயன்பட்ட கை முதல்முறையாக அணைக்கிறது. இதற்கு ஒரு வரி வசனம் தேவைப்படவில்லை.

கையடக்க பிஎஸ்பி கருவிக்காக ரெடி அட் டான் நிறுவனம் செய்த 'செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்' (2008) இன்னும் கொடூரம். சொர்க்கத்தில் மகளோடு சேர்ந்துவிட்ட க்ரேடோஸ், உலகைக் காக்க அவளை விட்டுப் போயாக வேண்டும். காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைத் தள்ளிவிட, அதுவரை அரக்கர்களைக் கிழிக்கத் தட்டிய அதே பொத்தானை வேகவேகமாகத் தட்ட வேண்டும். மூன்றாம் கேமின் முடிவில் ஜீயஸின் முகத்தில் குத்த ஆரம்பித்தால், திரை முழுக்கச் சிவந்த பிறகும் குத்து நிற்காது. பொத்தானை விட்டால்தான் நிற்கும். எப்போது போதும் என்று முடிவுசெய்ய வேண்டியவர் கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவர்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தக் கேம்களின் அழுக்கை மறைக்க முடியாது. கதவைத் திறக்கக் கூண்டிலிருக்கும் சிப்பாயை உயிரோடு பலிகொடுப்பதும், பொசைடனின் அடிமைப் பெண்ணைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் போவதும் க்ரேடோஸின் குணத்தைக் காட்டத்தான் என்று வாதிடலாம். படுக்கையறைக் காட்சிக்கு மதிப்பெண் போடும் விளையாட்டை எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாது. மூன்றாம் கேமில் பண்டோரா வந்து 'நம்பிக்கை' பற்றிப் பேசுவதற்குள் ஹீலியஸின் தலையைக் கையாலேயே பிய்த்தாயிற்று, ஹெர்மிஸின் கால்களை வெட்டியாயிற்று. அந்தத் திருப்பம் ஒட்டவில்லை. 2013-இல் வந்த 'அசென்ஷன்' முன்கதைக்குப் போனது. சொல்ல மிச்சம் ஏதுமில்லாத கதை. எட்ட நிற்கும் கேமராவுக்குக் கோபத்தையும் பிரமாண்டத்தையும் காட்டத் தெரிந்தது. வருத்தத்தைக் காட்ட வேண்டுமானால் ஆளின் முகத்துக்கு அருகில் போக வேண்டும்.

2018-இல் கோரி பார்லாக் அதைத்தான் செய்தார். இரண்டாம் கேமை இயக்கியவரும் அவரே. கேமரா க்ரேடோஸின் தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. ஆட்டம் தொடங்கி முடியும்வரை ஒரு வெட்டுகூட இல்லாமல் ஒரே ஷாட்டாக ஓடியது. கோபுரத்தின் மேலிருந்து தேரோட்டம் பார்ப்பதற்கும் கூட்டத்துக்குள் நின்று வடம் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கீழே நிற்பவருக்குத் தேர் முழுசாகத் தெரியாது, ஆனால் கயிற்றின் கனம் கையில் ஏறும்.

கனம் ஏறியது உண்மை. லெவயதன் கோடரியை வீசி, ஒரு பொத்தானைத் தட்டித் திரும்ப அழைக்கும்போது அது உள்ளங்கையில் வந்து மோதும் அதிர்வு கன்ட்ரோலரில் தெரியும். அதற்கு ஈடாகப் போனவையும் உண்டு. நினைத்த இடத்தில் தாவ முடியாது. அந்தரச் சண்டை பெரும்பாலும் ஒழிந்தது. முதுகுக்குப் பின்னால் வருபவன் தெரியாததால், ஆபத்தைக் காட்டச் சிறு அம்புக்குறிகளைப் போட்டார்கள். மகன் அட்ரேயஸ் கத்தி எச்சரிக்க வேண்டியிருந்தது. எதிரிகளின் எண்ணிக்கையும் சுருங்கியது.

பழைய கட்சியின் இரண்டு புகார்கள் முழுக்க நியாயமானவை. ஒன்று, பாஸ்களின் வறட்சி. டிராகனோடு ஒரு சண்டை உண்டு, கல்லரக்கர்கள் உண்டு. மற்றபடி தூணைத் தூக்கிவரும் அதே ட்ரோல், நிறம் மாற்றி, பெயர் மாற்றி, மறுபடி மறுபடி. இன்னொன்று, கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் எண் போட்ட முறை. எதிரியின் எண் நம் எண்ணைவிட அதிகம் என்றால், எவ்வளவு சாமர்த்தியமாக அடித்தாலும் அவன் உயிர்க்கோடு நகராது. திறமையை எண் தோற்கடிப்பது சண்டைக்கு அழகில்லை. ஒன்பது வால்கிரிகள், அதிலும் அரசி சிக்ரூன், இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தார்கள். அங்கே எண்ணை மட்டும் நம்பிப் போனவர்கள் செத்துச் செத்துக் கற்றார்கள்.

ஆனால் 2018-இன் சிறந்த இரண்டு இடங்களில் கதை எது, சண்டை எது என்று பிரிக்க முடியாது. வாசல் கதவைத் தட்டும் மெலிந்த அந்நியன் முதலாவது. பார்த்தால் ஒரு தள்ளுக்குத் தாங்கமாட்டான். அடித்தால் மலையே பிளக்கிறது. பால்டர் என்ற அந்த அந்நியனுக்கு எந்த உணர்வும் இல்லை, வலியும் இல்லை. மகனை வீட்டுக்குத் தரைக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு, தன் பழைய வெறி வெளியே வந்துவிடுமோ என்று அஞ்சியபடியே அடிக்கும் தகப்பனின் சண்டை அது. இரண்டாவது, அட்ரேயஸ் நோயில் விழும் இடம். மருந்துக்கு ஹெல்ஹெய்ம் போக வேண்டும். அங்கே எல்லாமே பனி, பனிக்கோடரி பலிக்காது. க்ரேடோஸ் தனியாகப் படகேறி வீட்டுக்கு வந்து, தரையைப் பெயர்த்துப் பழைய சங்கிலி வாள்களை எடுக்கிறான். மனைவியையும் மகளையும் கொன்ற கையில் இருந்த வாள்கள். பழைய ரசிகருக்கு அந்த நிமிடம் கொண்டாட்டம், கேட்ட ஆயுதம் வந்துவிட்டது. க்ரேடோஸுக்கோ அது தோல்வி. ஒரே பொத்தானில் இரண்டு உணர்ச்சிகளையும் வைத்தது பார்லாக் குழுவின் சாதனை. அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் 'ரெட் டெட் ரிடெம்ஷன் 2'-ஐத் தாண்டி ஆண்டின் சிறந்த கேம் விருதை இது வாங்கியது வியப்பில்லை.

'ராக்னராக்' (நவம்பர் 2022) வந்தபோது கட்சிகளின் கோடு கலங்கியது. இயக்குநர் எரிக் வில்லியம்ஸ், முதல் கேமிலிருந்தே சண்டை வடிவமைப்பில் இருந்தவர். அவர் கை பட்டதும் சண்டை விரிந்தது: டிராப்னிர் ஈட்டி, வகைவகையான கேடயங்கள், உயரத்துக்குத் தாவி மேலிருந்து விழுந்து அடிக்கும் வசதி, பெர்சர்க்கர்கள் என்ற புதிய எதிரிகள். தொடக்கத்தில் தோர், க்ரேடோஸை அடித்துக் கொன்றே விடுகிறான். ஆட்டம் முடிந்தது என்ற திரைகூட வருகிறது. பிறகு சுத்தியலின் மின்னலால் அவனே உயிர்ப்பித்து அடியைத் தொடர்கிறான். சாவதா வேண்டாமா என்பதைக்கூட எதிரி முடிவுசெய்யும் சண்டை இந்த வரிசைக்குப் புதிது.

சண்டைக்காரர் இயக்கிய கேம்தான் வரிசையிலேயே அதிகம் பேசுகிற கேமும்கூட. அயர்ன்வுட்டில் அட்ரேயஸும் அங்க்ர்போடாவும் பழம் பறித்து, ஓவியம் பார்த்து நடக்கும் பகுதி நீள்கிறது, இன்னும் நீள்கிறது. புதிரின் முன் இரண்டு விநாடி யோசித்தால் போதும், கூட இருப்பவர் விடையைச் சொல்லிவிடுவார். ஏறக்குறைய நாற்பது மணி நேரம் காத்திருந்த ராக்னராக் போரோ அவசர அவசரமாக முடிகிறது. இங்கே பழைய கட்சி 'பேச்சு அதிகம்' என்பது கதையின் மீதான குறை. சொல்ல வேண்டியதைச் சண்டையில் சொல்லாமல் நடையில் சொல்லும் சோம்பலின் மீதான குறை என்றும் அதைக் கொள்ளலாம். படகில் போகும்போது மிமிர் என்ற பேசும் தலை சொல்லும் கதைகளை நான் இந்தக் குற்றப்பட்டியலில் சேர்க்கமாட்டேன். அவற்றுக்காகவே கரையேறாமல் சுற்றலாம்.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு 2023 டிசம்பரில், இலவச இணைப்பாக வந்தது. 'வால்ஹாலா' என்ற அந்த இணைப்பில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கி, கிடைக்கும் சக்திகளைத் தேர்ந்து, செத்தால் மறுபடி வாசலுக்கே வர வேண்டும். சண்டை மட்டுமே கொண்ட வடிவம். அதற்குள் க்ரேடோஸின் கிரேக்கக் காலம் முழுவதும் திரும்ப வருகிறது. பழைய எதிரிகளில் சிலர் வருகிறார்கள். பிய்த்தெடுத்த ஹீலியஸின் தலை வந்து குத்திக்காட்டிப் பேசுகிறது. கடைசியில் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கும் இளைய க்ரேடோஸின் எதிரில் கிழவன் நிற்கிறான். க்ரேடோஸ் தன் குற்றங்களை ஒப்புக்கொள்வது, நாம் உள்ளே போய்த் திரும்பும் முயற்சிகளோடு படிப்படியாக நகர்கிறது. கேமரா தோளை விட்டு நகராமலே பழைய உலகின் கோபத்தை உள்ளே இழுத்துவிட்டது. 2005-இல் அணைக்கும் பொத்தானில் தொடங்கிய உத்தி இங்கேதான் ஒரு முழுக் கேமாக வளர்ந்திருக்கிறது.

பழைய சண்டையையும் புதிய கதையையும் அப்படியே ஒட்டித் தாருங்கள் என்று கேட்பவர்கள் ஏமாறுவார்கள். ஒரு கேமரா இரண்டு இடத்தில் நிற்காது. என்னைக் கேட்டால் கதைக்கட்டுக்கு 2018, கைக்கு 'ராக்னராக்', இரண்டும் ஒன்றான இடத்துக்கு 'வால்ஹாலா'. இதைப் படித்துவிட்டு நேரே 'வால்ஹாலா'வுக்குப் போகாதீர்கள். 'ராக்னராக்' முடிவுக்குப் பின் நடக்கும் கதை அது. அதற்கும் முன்னால், 2005 கேமைத் தேடிப்பிடித்து ஏரிஸோடு மோதும் அந்தச் சண்டைவரையாவது ஆடிவிட்டு, எந்தக் கட்சியில் சேர்வது என்று முடிவுசெய்யுங்கள்.